படிக்கட்டில் கேமரா இல்லை

செப்டம்பர் 28, ஞாயிறு

உடற்திறன் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. அக்டோபர் பதினைந்து, காலை ஆறு மணி, ஆயுதப்படை மைதானம். தீபாவளிக்கு முந்தின புதன்கிழமை. எங்கள் ஜவுளிக்கடையில் அந்த வாரம் லீவு என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க முடியாது.

காவலர் எழுத்துத் தேர்வில் நான் தேறியது கடையில் முப்புடாதிக்கு மட்டும்தான் தெரியும். கடை விடுதியில் என் பக்கத்துப் பாய் அவள், பட்டுப் பிரிவிலும் பக்கத்தில் நிற்பவள். இங்கே வேறு யாரிடமும் சொல்லவில்லை. பாதியில் போகிறவள் என்று தெரிந்தால் சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிடுவார்கள். வேலை கிடைக்கும் வரை இந்த வேலை வேண்டும். வீட்டில் அம்மா சுற்றும் பீடியை நம்பி எதுவும் முடியாது.

மைதானத்தை ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். நான் கல்லூரியில் விளையாட்டுப் பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டவள். இங்கே சேர்ந்த பிறகு நாள் முழுவதும் நிற்கிறேன். நிற்கிற காலும் ஓடுகிற காலும் வேறு வேறு என்று இன்று விடுதி வாசலில் வேனுக்கு நாலு எட்டு ஓடியபோதே தெரிந்துவிட்டது.

"ஒம் பேருதான் பேச்சியம்மா. வாயத் தொறந்தா காத்துதான் வருது. நீ எப்படிட்டி போலீசாகி ஒருத்தன அதட்டுவ?" என்றாள் முப்புடாதி.

"மொதல்ல ஓடிக்கிடுதேன். அதட்டுறத பொறவு பாத்துக்கலாம்."

செப்டம்பர் 29, திங்கள்

விடுதிக் கேட் காலையில் வேன் வரும்போதுதான் திறக்கும். அதனால் மொட்டைமாடியில் ஓடினேன். துணிக்கொடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து. யாருடையதோ ஈரப் பாவாடை முகத்தில் அறைந்தது. கீழே படுத்திருந்தவர்கள் கட்டடம் இடிகிறது என்று வார்டனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மொட்டைமாடிக்குப் பூட்டு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கடை மதியத்துக்கு மேல்தான் திறந்தது. பில் போடும் இயந்திரத்துக்கும் லிப்டுக்கும் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். நாங்கள் தினமும் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போகிறவர்கள். இன்று மாவிலை கட்ட என்னை முன்வாசலுக்கு அனுப்பினார்கள். வெயிலில் நின்று கடையை முதல் முறையாக வாடிக்கையாளர் பார்ப்பதுபோல் பார்த்தேன். பொம்மைகளுக்குச் சேலை உடுத்தும் கிளாட்சன் அண்ணன் தீபாவளிக்காக எல்லாவற்றுக்கும் புதிது மாற்றிவிட்டார். நடுவில் நிற்கும் பொம்மைக்கு அரக்குப் பட்டு, மயில்கழுத்துக் கரை. அந்தப் பொம்மை என்னைவிட நிமிர்ந்து நின்றது. சாயந்திரமே அவர் தென்காசிக் கிளைக்குப் பொம்மை உடுத்தப் போய்விட்டார்.

பூஜை போட்ட லிப்டை உடனே ஓட்டக் கூடாதாம். பட்டுப் பிரிவு மூன்றாவது மாடியில், சரக்கு அறை ஐந்தாவதில். மூன்றாவது மாடியிலிருந்து பட்டுக்கட்டைத் தோளில் வைத்துப் படியேறினேன். மேலே போனபோது நெஞ்சு காதில் அடித்தது, தொடை எரிந்தது. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியபோதுதான் பட்டது. மைதானம் இங்கேயே இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

பட்டுப் பிரிவுக்குப் பொறுப்பு சந்தனமாரி அக்கா. அவள் "மேல இருந்து எடுத்தா" என்று சரக்கு கேட்டு முடிக்கும் முன்பே நான் படியில் இருக்கிறேன். ஏறும்போது இரண்டிரண்டு படியாக. சரக்கு தூக்கும் பையன்களுக்குச் சந்தோஷம், லிப்டுக்குள் நின்று போன் பார்க்கிறார்கள்.

இன்று பெரிய பையோடு ஓர் அம்மா வந்து சேலைகளைக் கலைத்துக்கொண்டே இருந்தார். சந்தனமாரி அக்கா, "முப்புடாதி, அம்மாவுக்கு மோர் குடு" என்றாள். எங்கள் கடையில் அதற்கு மோர் என்று அர்த்தமில்லை. இந்த ஆள்மேல் ஒரு கண் வை என்று அர்த்தம். நிஜ மோர்ப்பானை தரைத்தளத்தில் இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் கொடுப்போம், "மோர் சாப்பிடுதியளா" என்று. முப்புடாதி போய் அந்த அம்மாவை ஒட்டி நின்றாள்.

அந்த அம்மா நிமிர்ந்து, "எங்கம்மா மோரு? குடுன்னு சொன்னாவள்ளா" என்றார்.

முப்புடாதி கீழே ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். பிறகு இரண்டு பட்டு எடுத்தார். பணம் கொடுத்துத்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

கூட்டம். ஒரு குடும்பம் ஒரு சேலைக்கு மூன்று மணி நேரம். பெண்ணுக்குப் பிடித்தது மாமியாருக்குப் பிடிக்கவில்லை, மாமியாருக்குப் பிடித்ததை மாப்பிள்ளை, "எங்க ஆச்சி கட்டுனது மாதிரி இருக்கு" என்றார். "ஒங்க ஆச்சிய மாதிரி கட்ட இங்க எவளுக்குத் தெரியும்" என்று மாமியார் கோபித்து எழுந்துபோய்த் திரும்பவும் வந்து உட்கார்ந்தார். எனக்கு லாபம், ஒவ்வொரு கோபத்துக்கும் ஒருமுறை மேலே போய் வந்தேன்.

விடுதியில் ஞாயிறு மட்டும் முட்டை உண்டு. முப்புடாதி தன்னுடையதை என் தட்டில் தள்ளிவிடுகிறாள். அவளுக்கு முட்டை வாடையே ஆகாதாம். நல்லதாய்ப் போயிற்று.

முழங்கால் வலி ஒன்றும் இல்லை. இறங்கும்போது மட்டும்தான்.

அக்டோபர் 8, புதன்

சரக்கு சரிபார்த்ததில் ஒரு பட்டுச்சேலை குறைகிறது.

கடை திறக்கும் முன் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். மேனேஜர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி கம்ப்யூட்டரில் எடுத்த தாளைப் பார்த்துப் படித்தார். "காப்பிப்பொடி கலரு, மயில்கழுத்துக் கரை. ஒத்தப் பீசு. அது மாதிரி இன்னொண்ணு கெடையாது. பில்லும் போடல, அலமாரிலயும் இல்ல."

எங்களையும் கூட்டிக்கொண்டு விடுதிக்குப் போய்ப் பைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். என் பையில் ஓட்டத்துக்கு வாங்கிய கேன்வாஸ் ஷூ இருந்தது. வார்டன் அதை உதறிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் மேனேஜர் பையன்களிடம் பேசியது கேட்டது. "லிப்டுல கேமரா இருக்கு, பாத்தாச்சு. மாடிலயும் இருக்கு. படியில கெடையாது. லிப்டு இருக்கயில படியில ஏறுறது யாரு?"

 பையன்களில் ஒருவன் திரும்பி என் பக்கம் பார்த்துவிட்டு உடனே பார்வையை மாற்றிக்கொண்டான்.

அக்டோபர் 9, வியாழன்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

பதினோரு மணி இருக்கும். மேலேயிருந்து கட்டு இறக்கி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். நான் அங்கே இருப்பது சந்தனமாரி அக்காவுக்குத் தெரியாது. மேஜைமேல் சேலையை மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"முப்புடாதி, பேச்சிக்கு மோர் குடு."

முப்புடாதி, "சரிக்கா" என்றாள்.

பிறகு என் கை தானாகச் சேலை மடித்தது. ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. மறுபடி "மேல இருந்து எடுத்தா" என்று குரல் வந்தபோது படிக்குப் போனேன். பின்னாலேயே கொலுசுச் சத்தம். இரண்டாவது திருப்பத்தில் நின்றேன், சத்தமும் நின்றது. நடந்தேன், அதுவும் நடந்தது.

பாதியில் இறங்கி லிப்டில் போனேன்.

அக்டோபர் 10, வெள்ளி

படியேறவில்லை. உடம்புக்கு ஓய்வும் வேண்டும்தானே.

முப்புடாதி சாப்பிடும்போது, "ஏன் உம்முனு இருக்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பாயைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 11, சனி

இன்றும் லிப்டு.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்கு முந்தின கடைசி ஞாயிறுக்கு முன்னதான ஞாயிறு இது. இதற்கே கடையில் கால் வைக்க இடமில்லை. ஒலிபெருக்கியில் காணாமல்போன குழந்தைகளின் பெயர்களாக வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இரவுச் சாப்பாட்டில் முட்டை. முப்புடாதி தள்ளினாள். நான் திருப்பித் தள்ளினேன். அது இரண்டு தட்டுக்கும் நடுவில் உருண்டு நின்றது. கடைசிவரை யாரும் எடுக்கவில்லை.

வேனில் ஏறும் முன்பு மேனேஜர் சொன்னதுதான் மனதில் ஓடுகிறது. "செவ்வாக்கெழம சாயந்தரம் வரைக்கும் பாப்பேன். எடுத்தவங்க எங்கனயாவது வச்சிட்டுப் போயிருங்க, நான் கேக்க மாட்டேன். இல்லன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருவேன். படியில ஏறி எறங்குன எல்லாரு பேரையும் சேத்து."

செவ்வாய்க்கு மறுநாள் புதன். மைதானத்தில் நான் நிற்கும்போது என் பெயர் ஒரு காவல் நிலையத்தில் எழுதிக் கிடக்கும். ஓடி ஜெயித்தாலும் வேலைக்கு எடுக்கும் முன்பு அந்த நிலையத்தில் விசாரிப்பார்கள். போலீஸ் வேலைக்குப் போகிறவள் பெயரில் திருட்டுப் புகார். அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், எம்பிள்ள காக்கி போடப் போறான்னு.

ஊருக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள் என்பார்கள். இருந்தால் பிடிபட்டாள் என்பார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் கட்டைத் தூக்கிக்கொண்டு லிப்டு முன்னால் நின்றேன். கால் கனத்தது. மூன்று நாளில் இப்படிக் கனக்குமா என்று பயம் வந்தது. அந்தப் பயம் மற்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. திரும்பிப் படியில் ஏறினேன்.

கொலுசு பின்னால் வந்தது. நான் வேகமாக ஏறினேன். அதுவும் வேகமாக வந்தது. நாலாவது மாடித் திருப்பத்தில் கட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். முப்புடாதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

"சோதிக்கணும்னா சோதிச்சிக்கோ" என்றேன். "கட்டப் பிரிச்சுப் பாத்துக்கோ."

"என்னத்தட்டி சோதிக்க? எனக்கு உசிரே போவுது."

"எனக்கு மோர் குடுக்கத்தான வந்த? நான் கேட்டேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கோட்டி. போன தீவாளிக்கு ஒருத்தி இதே படியில மயங்கி உருண்டுட்டா. பொறுப்பு நீதானன்னு அக்காவதான் எல்லாரும் பிடிச்சாவ. நீ வெளுத்துப்போயி ஏறி எறங்குத, விழுந்து வைக்கப் போறா, கூடவே போன்னு அக்கா சொன்னா. அவ்வளவுதான்."

"மோர் குடுன்னு சொன்னா."

"சொன்னா. பாத்துக்கன்னுதான அதுக்கு அர்த்தம்? திருடியத்தான் பாத்துக்கணுமா?"

அவள் மூச்சு அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மத்தியானம் சந்தனமாரி அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். அவளே சேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "முப்புடாதி சொன்னா. ஒம்மேல பிரியத்துல ஒண்ணும் சொல்லல பிள்ள. நீ விழுந்தா என் தலையிலதான் விடியும். அதான். ஆனா நீ ஏன் படியில ஏறுதன்னு எனக்குத் தெரியாது. அண்ணாச்சி கேட்டா எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

நாளை செவ்வாய்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து மேனேஜர் அறைக் கதவு திறந்தே இருந்தது. மேஜைமேல் வெள்ளைத்தாள். ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் அதில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்தேன்.

நாலு மணிக்கு ஒரு வயதான அம்மா மகளோடு வந்தார். கல்யாணச் சேலை. நான் எடுத்துப் போட்டதில் ஒன்றைக் கையில் பிடித்து, "இது என்ன கலரு?" என்றார்.

"காப்பிப்பொடிம்மா."

"டியூப்லைட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வெளிச்சத்துல காட்டு."

எல்லாரும் கேட்பதுதான். சன்னல் பக்கம் கொண்டுபோய் விரித்துப் பிடித்தேன். மேற்கு வெயில் சேலைமேல் விழுந்தது. என் கையில் இருந்த காப்பிப்பொடி சிவந்தது. பழுத்துச் சிவந்து அரக்காகிவிட்டது.

"பாத்தியா, அரக்குல்லா இது" என்றார் அம்மா மகளிடம். "வெளிச்சத்துல பாக்காம எடுத்துறக் கூடாது."

என் கை அப்படியே நின்றுவிட்டது. ஆயுத பூஜை அன்று வெயிலில் நான் பார்த்த அரக்கு. மயில்கழுத்துக் கரை. நடுப் பொம்மை.

தெருவெல்லாம் பார்க்கும்படி அது இரண்டு வாரமாக முன்வாசலில் நிற்கிறது. பின்வாசலில் வந்து போகும் நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. மேனேஜர் பார்த்திருப்பார், அவருக்கு அது அரக்கு. அவர் தாளில் இருப்பது காப்பிப்பொடி.

சொல்ல வேண்டும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். மாட்டிக்கொள்ளப் பயந்து நீயே உடுத்திவிட்டாயா என்பார்கள். கிளாட்சன் அண்ணன் பெயரைச் சொன்னால் அவர்மேல் பழி போடுவதாக ஆகும். அந்த அம்மா சேலையை வாங்கிக்கொண்டு பில்லுக்குப் போனார். நான் சன்னலிலேயே நின்றேன். மேனேஜர் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு வெளியே வந்தார், கையில் அந்தத் தாள்.

சந்தனமாரி அக்காவிடம் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு வாடிக்கையாளர்கள். அவர்கள் முன்னால் திருட்டு என்று பேச முடியாது. என் வாயில் வேறு வார்த்தையும் இல்லை.

"யக்கா" என்றேன். "முன்வாசல்ல நடுவுல நிக்க பொம்மைக்கு மோர் குடுங்க."

அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் சிரித்து, "பொம்மைக்குமா மோரு குடுக்கிய?" என்றார்.

"தீவாளில்லா, அதுவும் காலைல இருந்து நிக்கி" என்றாள் அக்கா. சேலையை முப்புடாதி கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். படியில் இறங்கினாள், லிப்டுக்கு நிற்கவில்லை. வழியில் மேனேஜரின் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

பத்து நிமிடத்தில் பொம்மையை உள்ளே தூக்கி வந்தார்கள். முந்தானைக்கு அடியில் கடைச்சீட்டு அப்படியே தொங்கியது. மேனேஜர் படித்த தாளில் இருந்த அதே எண் அதில். மேனேஜர் தென்காசிக்குப் போன் போட்டார். கிளாட்சன் அண்ணன் குரல் எங்களுக்கே கேட்டது. "பூச அன்னைக்கு எழுதி வைக்க யாரும் இல்ல அண்ணாச்சி, கீழ நின்ன பையன்ட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன்." எந்தப் பையன் என்று அவருக்கு நினைவில்லை.

சேலை உருவப்பட்ட பொம்மைமேல் யாரோ ஒரு பெட்ஷீட்டைப் போட்டார்கள்.

மேனேஜர் புகார்த் தாளை நாலாகக் கிழித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "சேல கெடச்சிட்டு, சரி. இப்பவும் ஒண்ணு எனக்கு வெளங்கல. லிப்ட விட்டுட்டு ஏன் படியில ஏறுன?"

எல்லாரும் நின்றார்கள். வழக்கமாக இந்த இடத்தில் நான் தரையைப் பார்ப்பேன்.

"ஓட்டத்துக்கு அண்ணாச்சி. போலீஸ் தேர்வுக்கு ஓடணும். வேற எங்கயும் ஓட எடமில்ல. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மைதானத்துல இருக்கணும்."

"போலீசா? நீயா?"

"ஆமா."

அவர் என்னைப் பார்த்தார். சந்தனமாரி அக்காவைப் பார்த்தார். அவள், "எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றாள்.

"லீவு கெடையாது" என்றார் அவர். "பன்னெண்டு மணிக்கு செக்ஷன்ல நிக்கணும். வார்டன்ட்ட கேட்டத் தொறக்கச் சொல்லுதேன். சீசன் முடிஞ்சதும் மத்ததப் பேசுவோம்."

மத்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 15, புதன்

தூறல். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு கரைந்து ஓடியது. நிறையப் பெண்கள் அம்மா அப்பாவோடு வந்திருந்தார்கள். என்னோடு யாரும் இல்லை. முப்புடாதி நேற்றே ஷூவின் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டிக் கொடுத்திருந்தாள், அதை அவிழ்க்கவே முடியவில்லை.

விசில் ஊதியதும் எல்லாரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். முதல் வளைவில் சேறு. இரண்டாவது வளைவில் முழங்கால் வலித்தது. இன்று எழுதுகிறேன், ரொம்ப நாளாகவே வலிக்கிறது. கடைசி நேர்கோட்டில் எனக்கு முன்னால் மைதானம் தெரியவில்லை, படிதான் தெரிந்தது. நாலாவது மாடித் திருப்பம். பின்னால் கொலுசு. அதற்குப் பிடிபடாமல் ஏறினேன்.

தேறியவர்களின் பெயர்களை ஓர் அதிகாரி ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்தார். "பேச்சியம்மாள்" என்றார். இருக்கேன் என்று சொன்னேன். "கேக்கல" என்றார். மறுபடி சொன்னேன். "இருக்கேன்." பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டுக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டேன். ஈரத் தலையோடு சீருடைச் சேலையைச் சுற்றிக்கொண்டு பிரிவுக்குள் நுழைந்தேன். சந்தனமாரி அக்கா என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், பிறகு மேஜையைத் துடைத்தாள். மதியம் சாப்பாட்டு அறையில் முப்புடாதி தன் சாப்பாட்டோடு வெளியே கடையில் வாங்கிய அவித்த முட்டை ஒன்றை நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக்கருவைக்கூட விடவில்லை. வாடை ஆகாதவள்.

"எனக்கு?" என்றேன்.

"தேறிட்டல்லா, இனி எதுக்கு ஒனக்கு?" என்றாள். மஞ்சள்கருவில் பாதியைக் கிள்ளிக் கொடுத்தாள்.

பிரிவுக்குத் திரும்பியதும் ஒரு கல்யாண வீடு வந்து உட்கார்ந்தது. "பேச்சி, மேல இருந்து எடுத்தா" என்றாள் அக்கா.

படிக்கட்டின் அடியில் ஒரு நொடி நின்றேன். பிறகு லிப்டின் பொத்தானை அழுத்தினேன். உள்ளே மூலையில் கேமரா இருந்தது. கதவு மூடியது. ஐந்தாவது மாடி வரும்வரை அதை நேராகப் பார்த்துக்கொண்டே போனேன்.